இன்னும் எத்தனை பாகம்? ஹாலிவுட் தொடர்படச் சலிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய ஸ்டுடியோ படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே ஒரே மாதிரியான கேள்விகள்தான் வருகின்றன. "இதுக்குமா இன்னொரு பாகம்?" என்பதில் தொடங்கி, "அப்படியும் நாம ஏன் போய்ப் பார்க்கிறோம்?" என்பதில் போய் நிற்கும். அந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பேசப்போவது ஹாலிவுட் பற்றித்தான். வேறு மாதிரி சொல்லாத இடங்களில் வசூல் என்பது உலக அளவிலான தோராயக் கணக்கு; தொகைகள் எல்லாம் டாலரில்.

சீக்வல், ரீமேக், ரீபூட், ஃபிரான்சைஸ்... எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. சீக்வல் முந்தைய கதையின் தொடர்ச்சி. ப்ரீக்வல் அதற்கு முன்னால் நடந்தது. அதே கதையை மறுபடி எடுத்தால் ரீமேக். பழைய படங்களை நடக்காதவை போல ஒதுக்கிவிட்டு, அதே பாத்திரத்தை முதலிலிருந்து தொடங்கினால் ரீபூட்; 2005இல் பேட்மேன் அப்படித்தான் மறுபிறவி எடுத்தார். இப்போது 'லெகசி சீக்வல்' என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. இருபது முப்பது ஆண்டு கழித்துப் பழைய நாயகனை நரைத்த தலையோடு கூட்டி வந்து, ஓர் இளைஞர் கையில் பொறுப்பை ஒப்படைக்க வைக்கும் வகை அது. இவையெல்லாம் ஒரே பெயரில், ஒரே உரிமையாளரின் கீழ் ஓடிக்கொண்டிருந்தால் அதுதான் ஃபிரான்சைஸ்.

மக்கள் சலித்துப்போனது உண்மையா, விமர்சகர்கள் கிளப்பிவிட்டதா?

உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 2019இல் 'கேப்டன் மார்வெல்' 113 கோடி டாலர் வசூலித்தது. அதே நாயகி 2023இல் 'தி மார்வெல்ஸ்' படத்தில் திரும்பி வந்தபோது கிடைத்தது 20.6 கோடி. நாலே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதே 2023இல் 'தி ஃபிளாஷ்' 27 கோடியில் நின்றது. ஏறக்குறைய 30 கோடி செலவில் எடுத்த கடைசி இண்டியானா ஜோன்ஸ் படம் 38 கோடியோடு ஓய்ந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டு "ஃபிரான்சைஸ் செத்தது" என்று ஆளாளுக்கு இரங்கல் கூட்டம் நடத்தினார்கள்.

அடுத்த ஆண்டே 'இன்சைட் அவுட் 2' கிட்டத்தட்ட 170 கோடி, 'டெட்பூல் & வோல்வரின்' 133 கோடி. 2024இல் உலக அளவில் அதிகம் வசூலித்த பத்து ஹாலிவுட் படங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். 'விக்கெட்' ஒன்றைத் தவிர மற்ற ஒன்பதும் சீக்வல் அல்லது ப்ரீக்வல். அந்த 'விக்கெட்'டும் மேடை இசை நாடகமாகப் பல ஆண்டு ஓடிப் பெயர் வாங்கிய கதைதான்.

குழப்பமாக இருக்கிறதே. அப்போது எதில்தான் சலிப்பு?

என் பதில் இது: பாகங்கள் அதிகமானதில் சலிப்பு இல்லை, எதுவும் முடியாமல் போனதில்தான் சலிப்பு.

2008இல் மார்வெல் ஸ்டுடியோவின் சூப்பர் ஹீரோ படத் தொடரில் முதல் படமாக 'அயர்ன் மேன்' வந்தது. அங்கிருந்து பதினொரு ஆண்டு, இருபத்திரண்டாவது படமாக 'எண்ட்கேம்'. வசூல் 280 கோடி. இருபத்திரண்டு படம் என்பது சாதாரண எண்ணிக்கை இல்லை, சலிக்க வேண்டும் என்றால் அப்போதே சலித்திருக்க வேண்டும். கூட்டம் கூடிக்கொண்டே போனதற்குக் காரணம், கதை எங்கேயோ போய்ச் சேரப்போகிறது என்ற நம்பிக்கை. போயும் சேர்ந்தது. ஒருவர் இறந்தார், ஒருவர் முதுமையடைந்தார், மக்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு கதைக்கு அதைவிட என்ன வேண்டும்?

அதோடு ஒரு மூச்சு விட்டிருக்கலாம். விடவில்லை. 2021, 2022 ஆகிய இரண்டே ஆண்டில் மார்வெல் ஏழு படம், எட்டுத் தொடர், இரண்டு சிறப்புப் படங்கள் வெளியிட்டது. டிஸ்னியின் புதிய ஓடிடி தளத்துக்குத் தீனி வேண்டும், அதற்காக. விளைவு, படம் பார்ப்பது வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிட்டது. 'தி மார்வெல்ஸ்' படத்தில் மூன்று நாயகிகள். அதில் இருவர் எப்படிச் சக்தி பெற்றார்கள் என்பதை இரண்டு தனித்தனி ஓடிடி தொடர்களில் ஏற்கெனவே காட்டிவிட்டார்கள். தொடரைப் பார்க்காமல் போனவர், தெரியாத வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எல்லாரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், யார் யாருக்கு என்ன உறவு என்றே நமக்குத் தெரியாது.

இதோடு மல்டிவர்ஸ், அதாவது நம் அண்டத்தைப் போலவே இன்னும் பல அண்டங்கள் என்ற யோசனை சேர்ந்தது. ஒரு பாத்திரம் இறந்தால் பக்கத்து அண்டத்திலிருந்து அதே முகத்தோடு இன்னொருவர் வந்துவிடுவார். இறப்புக்கே மதிப்பில்லை என்றால் அப்புறம் சண்டையில் யார் ஜெயித்தால் என்ன? நடுவில் ஒரு பழைய நடிகர் எட்டிப்பார்ப்பார், அரங்கம் கைதட்டும். அந்தக் கைதட்டல் கதைக்கு விழுவதில்லை, "இவரை எனக்குத் தெரியும்" என்ற நினைவுக்கு விழுகிறது. நினைவு எத்தனை முறை கைகொடுக்கும்?

மறுபக்கம் 'டாப் கன்: மேவரிக்'. முதல் படம் வந்து 36 ஆண்டு கழித்து, 2022இல் வந்த சீக்வல், 149 கோடி. முதல் படத்தைப் பார்க்காதவருக்கும் அது புரிந்தது. தொடங்கிய கதை அதே இரண்டு சொச்ச மணி நேரத்தில் முடிந்தது. அடுத்த பாகத்துக்கான விளம்பரமாக ஒரு காட்சிகூட அதில் இல்லை.

ஸ்டுடியோக்கள் ஏன் இதை விட மாட்டேன் என்கின்றன? கற்பனை வறட்சியா?

ஹாலிவுட்டில் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பிரச்சினை கணக்கில் இருக்கிறது.

டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதிதான் ஸ்டுடியோவுக்குப் போகிறது, சீனாவில் கால்பங்கு. படம் எடுக்க 20 கோடி ஆனால், அதை உலகம் முழுக்க விளம்பரப்படுத்த அதற்கு நெருக்கமான இன்னொரு தொகை. அதனால்தான் பட்ஜெட்டைப் போல இரண்டரை மடங்கு வசூலித்தால்தான் போட்ட முதல் கைக்கு வரும் என்று தொழிலில் ஒரு வாய்க்கணக்கு வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பணத்தை மேசையில் வைக்கும் நிர்வாகி, யாருக்கும் தெரியாத தலைப்பில் வைப்பாரா, சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெயரில் வைப்பாரா? தெரிந்த பெயர் என்றால் விளம்பரத்தில் பாதி வேலை முடிந்தது. படம் தோற்றாலும், "பேர் போன கதைதானே எடுத்தேன்" என்று நிறுவனத்தின் இயக்குநர் குழுவிடம் சொல்லித் தப்பிக்கலாம்.

முன்பு டிவிடி என்று ஒரு மெத்தை இருந்தது. அரங்கில் சுமாராக ஓடிய நடுத்தர பட்ஜெட் படம், ஆறு மாதம் கழித்து டிவிடி விற்பனையில் கரையேறிவிடும். நீதிமன்றக் கதை, காதல் நகைச்சுவை, பெரியவர்களுக்கான த்ரில்லர் எல்லாம் அந்த மெத்தையின் மேல்தான் படுத்திருந்தன. ஓடிடி வந்ததும் மெத்தையை உருவிவிட்டார்கள். அந்த வகைப் படங்கள் பெரும்பாலும் ஓடிடிக்கே குடிபெயர்ந்தன. அரங்கில் மிச்சமிருப்பது ஒரு முனையில் யானை, மறுமுனையில் எறும்பு.

இன்னொன்று, டிஸ்னி 2006இல் அனிமேஷன் நிறுவனமான பிக்சாரை 740 கோடி டாலருக்கு வாங்கியது. 2009இல் மார்வெல், 400 கோடி. 2012இல் ஸ்டார் வார்ஸை வைத்திருந்த லூகாஸ்ஃபிலிம், 405 கோடி. 2019இல் ஃபாக்ஸ், 7,130 கோடி. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மாட்டைக் கறக்காமல் விடுவார்களா? படம் போக, பொம்மை, விளையாட்டு, கேளிக்கைப் பூங்கா என்று எல்லாமே அந்தப் பெயரில்தான் ஓடுகிறது. படம் அதற்கெல்லாம் ஒரு பெரிய விளம்பரப் பலகை.

உரிமை கைநழுவக் கூடாது என்பதற்காகவே படம் எடுப்பார்களாமே, நிஜமா?

நிஜம். குறிப்பிட்ட காலத்துக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை பழைய உரிமையாளருக்கே திரும்பிவிடும் என்று ஒப்பந்தங்களில் இருக்கும். இதற்கு வேடிக்கையான சாட்சி 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' என்ற சூப்பர் ஹீரோ கதை. உரிமைக் கெடு முடியப்போகிறது என்று ஒரு ஜெர்மன் நிறுவனம், ரோஜர் கோர்மன் தயாரிப்பில் சுமார் 10 லட்சம் டாலரில் அவசரமாக ஒரு படம் எடுத்தது. 1994இல் வர வேண்டியது. டிரெய்லர்கூட வந்தது, படம் வரவே இல்லை. நடித்தவர்கள் மட்டும் நம்பிக்கையோடு ரசிகர் கூட்டங்களுக்குப் போய் விளம்பரம் செய்துகொண்டிருந்தார்கள், பாவம்.

ரீமேக் எடுப்பதே தப்பா?

தப்பே இல்லை. ரீமேக் இல்லாமல் ஹாலிவுட்டின் பாதிப் பெருமையைப் பேச முடியாது. 1941இல் வந்த 'தி மால்ட்டீஸ் ஃபால்கன்' துப்பறியும் படங்களின் இலக்கணம் என்பார்கள். அது அதே நாவலை மூன்றாவது தடவையாக எடுத்தது. 1931இலும் 1936இலும் எடுத்தவற்றை இன்று யாரும் நினைப்பதில்லை. பதினொரு ஆஸ்கர் வாங்கிய 1959இன் 'பென்-ஹர்', 1925இல் வந்த மௌனப் படத்தின் ரீமேக். அதையே 2016இல் மறுபடி எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

எடுக்கிறவருக்குப் புதிதாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதைச் சோதனைச்சாலையில் வைத்து நிரூபித்த மாதிரி ஒரு படம் இருக்கிறது. 1998இல் கஸ் வான் சான்ட், ஹிட்ச்காக்கின் 1960ஆம் ஆண்டு 'சைக்கோ'வைக் கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் அப்படியே, வண்ணத்தில் எடுத்தார். அதே வசனம், அதே இசை, அதே கேமரா கோணம். உயிர் மட்டும் இல்லை.

உண்மையில் ரீமேக் செய்ய வேண்டியவை நல்ல கருவோடு வந்து சொதப்பிய படங்கள்தான். ஆனால் சொதப்பிய படத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. பெயருக்காகத்தானே ரீமேக்கே எடுக்கிறார்கள்! ஆகவே, தொடத் தேவையில்லாத படங்களையே திரும்பத் திரும்பத் தொடுவார்கள்.

கார்ட்டூன்களை நிஜ மனிதர்களை வைத்து எடுக்கும் ரீமேக்குகள்?

இதில் என் வெறுப்பை மறைக்கப் போவதில்லை. 2019இன் 'லயன் கிங்' 166 கோடி சம்பாதித்தது, சரி. ஆனால் 1994இன் சிங்கத்துக்கு முகபாவம் இருந்தது. கணினியில் செய்த இந்தச் சிங்கம் நிஜச் சிங்கம் போலவே இருப்பதால், நிஜச் சிங்கத்தைப் போலவே அழவும் தெரியாமல் நிற்கிறது. தொழில்நுட்பம் முன்னேறி முகத்தைத் தின்றுவிட்டது.

இந்த வகைக்குச் சந்தை போய்விட்டதா என்றால் 2025 இரண்டு பதில் தருகிறது. மார்ச்சில் 'ஸ்னோ ஒயிட்', 24 கோடிக்கு மேல் செலவழித்து 20 கோடியைச் சற்றே தாண்டியது. இரண்டே மாதம் கழித்து, மே மாதம் 'லிலோ & ஸ்டிச்', 10 கோடிச் செலவில் 100 கோடியைத் தாண்டியது. ஒன்றின் மூலம் 1937, மற்றதன் மூலம் 2002. இரண்டாவதைச் சிறுவயதில் பார்த்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அரங்குக்கு வரும் வயதில் இருக்கிறார்கள். 1937ஐ நேரில் பார்த்து ஏங்குகிறவர் யார் மிச்சம்? ஸ்னோ ஒயிட்டைச் சுற்றிக் கிளம்பிய சர்ச்சைகளும் ஒரு காரணம்தான். ஆனால் ஏக்கத்துக்கும் காலாவதித் தேதி உண்டு என்பதை அவர்கள் கணக்கில் எடுத்த மாதிரி தெரியவில்லை.

இது சினிமாவே இல்லை என்று இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி சொன்னாரே, சரியா?

2019இல் மார்வெல் படங்களைக் கேளிக்கைப் பூங்காவோடு ஒப்பிட்டார். ஆபத்து இல்லாத சினிமா என்பதுதான் அவர் புகாரின் சாரம். அது நியாயமான புகார் என்றே நினைக்கிறேன். ரசிகர்கள் அவரைக் கிழவர் என்று திட்டித் தீர்த்தார்கள். திட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தால் இன்னும் வசதியாக இருந்திருக்கும்: சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒருமுறை, அதுவும் 'தி டிபார்ட்டட்' படத்துக்கு. அது 2002இல் வந்த ஹாங்காங் படம் ஒன்றின் ரீமேக்.

இதற்கு முன் ஹாலிவுட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

அச்சு அசலாக நடந்திருக்கிறது. 1963இல் 'கிளியோபாட்ரா' படத்துக்குக் கண்டபடி செலவழித்து ஃபாக்ஸ் நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தது. 1965இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' வந்து தூக்கி நிறுத்தியது. உடனே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மக்களுக்குப் பிரம்மாண்டமான பாட்டுப் படம்தான் வேண்டும். 1967இல் 'டாக்டர் டூலிட்டில்', 1968இல் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கின் அதே நாயகி, அதே இயக்குநரோடு 'ஸ்டார்!', 1969இல் 'ஹலோ, டாலி!'. மூன்றிலும் ஃபாக்ஸுக்கு நஷ்டம். ஜனங்கள் ஒன்றை ரசித்தால் அதன் காரணத்தை விட்டுவிட்டு உருவத்தை நகலெடுப்பது அன்றைக்கே இருந்த வியாதி.

அதே 1969இல், சுமார் 4 லட்சம் டாலரில் எடுத்த 'ஈஸி ரைடர்' கோடிக்கணக்கில் அள்ளியது. பெரியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் இளைஞர்களிடம் கேமராவைக் கொடுத்தார்கள். கொப்போலா, ஸ்கோர்செஸி, ஸ்பீல்பெர்க், லூகாஸ் எல்லாம் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர்கள். 1975இல் 'ஜாஸ்', 1977இல் 'ஸ்டார் வார்ஸ்'. இன்று நாம் சலித்துக்கொள்ளும் அந்த ஃபிரான்சைஸ், அன்றைக்கு ஸ்டுடியோக்கள் வாங்கத் தயங்கிய புத்தம்புதுக் கதை.

கௌபாய் படங்களும் இப்படித்தான். 1950களில் ஹாலிவுட்டின் சோறு அதுதான். 1970களின் முடிவில் ஓய்ந்தது. அழியவில்லை, எப்போதாவது ஒன்று வரும், நன்றாகவும் இருக்கும். சூப்பர் ஹீரோவும் அந்த நிலைக்கு வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

புதுக் கதை வேண்டும் என்கிறோம். வந்தால் போகிறோமா?

இந்தக் கேள்வி வந்தால் நான் கொஞ்சம் தலைகுனிவேன். 2025 ஜூனில் பிக்சாரின் 'எலியோ' வந்தது. யாருடைய தொடர்ச்சியும் அல்லாத சொந்தக் கதை. அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூல் சுமார் 2.1 கோடி, பிக்சார் வரலாற்றிலேயே மிகக் குறைந்த தொடக்கம். அந்த வார இறுதியில் முதலிடம் எதற்கு? இரண்டாவது வாரத்தில் ஓடிக்கொண்டிருந்த 'ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன்' ரீமேக்குக்கு. நானும் 'எலியோ'வுக்கு அரங்குக்குப் போகவில்லை. ஓடிடியில் வரட்டும் என்று இருந்துவிட்டேன். இப்படி எத்தனை லட்சம் பேர் இருந்திருப்போம்!

ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் 'சின்னர்ஸ்' வந்தது. சொந்தக் கதை, 1930களின் மிசிசிப்பி, புளூஸ் இசை, ரத்தக்காட்டேரி. செலவு 10 கோடியை ஒட்டி, வசூல் 36 கோடிக்கு மேல். இரண்டாவது வாரமும் கூட்டம் கிட்டத்தட்ட குறையவே இல்லை. இயக்குநர் ரையன் கூக்லர், முன்பு 'கிரீட்', 'பிளாக் பேந்தர்' என்று ஃபிரான்சைஸ் வழியாகவே பேர் வாங்கியவர். அந்தப் பேரை அடகு வைத்துத்தான் சொந்தக் கதைக்குப் பணம் வாங்கினார் என்று சொல்லலாம். ஃபிரான்சைஸ்களுக்கு நாம் கடன்பட்டிருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கும்.

இவ்வளவு செலவழித்தும் கிராபிக்ஸ் ஏன் பல்லிளிக்கிறது?

ஆட்கள் சோர்ந்துவிட்டார்கள். வெளியீட்டுத் தேதியை முதலில் குறித்துவிட்டுக் கதையை அப்புறம் மாற்றிக்கொண்டே இருந்தால், கடைசி மாதத்தில் அத்தனை சுமையும் விஎஃப்எக்ஸ் கலைஞர் மேசைக்குத்தான் வரும். 2023 செப்டம்பரில் மார்வெலின் விஎஃப்எக்ஸ் பணியாளர்கள் சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தார்கள் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு ஜப்பானிலிருந்து 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' வந்தது. செலவு 1.5 கோடி டாலருக்கும் கீழே, விஎஃப்எக்ஸ் குழுவில் 35 பேர். இயக்குநர் தகாஷி யமசாகியே விஎஃப்எக்ஸையும் கவனித்துக்கொண்டார். என்ன வேண்டும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும், செய்ததையே திரும்பச் செய்யச் சொல்ல யாரும் இல்லை. 2024இல் அதற்குச் சிறந்த விஎஃப்எக்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. 1954இலிருந்து ஓடும் ஃபிரான்சைஸ் அது என்பதையும் கவனியுங்கள். எழுபது வயது ராட்சதப் பல்லியைப் பார்த்து யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

ஸ்டுடியோக்களுக்கு இதெல்லாம் தெரியாதா?

தெரியும். டிஸ்னியின் தலைவராக இருந்த பாப் ஐகரே, அளவு கூடித் தரம் நீர்த்துவிட்டது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இனி ஆண்டுக்கு இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று மார்வெல் படம், இரண்டு தொடர் என்று 2024இல் சொன்னார். அந்த ஆண்டு மார்வெல் ஸ்டுடியோவிலிருந்து வந்த படம் 'டெட்பூல் & வோல்வரின்' மட்டுமே. 2025இல் மூன்று வந்தன; அதில் அதிகம் வசூலித்த புதிய 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 52 கோடியில் நின்றது. பத்தியம் இருக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே உடம்பு தேறிவிடாது.

இதுவரை ஒரு மார்வெல் படம்கூடப் பார்க்கவில்லை. எங்கிருந்து தொடங்க?

எது பிடித்தமாகத் தோன்றுகிறதோ அதிலிருந்து. இணையத்தில் கிடைக்கும் 'பார்க்க வேண்டிய வரிசை' பட்டியல்களை நம்பி உட்காராதீர்கள், வேலைக்குப் போக முடியாது. புரியவில்லை என்றால் குற்றம் படத்தின் மேல்தான்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கடைசிவரை உட்கார வேண்டுமா?

அடுத்த பாகத்துக்கான துணுக்குக் காட்சிக்காக என்றால், பத்து நிமிடத்தில் அது இணையத்துக்கு வந்துவிடும், எழுந்து போகலாம். 'எண்ட்கேம்' பார்த்த அன்று பழக்க தோஷத்தில் நாங்கள் கொஞ்சம் பேர் உட்கார்ந்திருந்தோம். பெயர்கள் ஓடி முடிந்தன. காட்சி எதுவும் வரவில்லை. இருட்டில் யாரோ இரும்பைச் சுத்தியலால் அடிக்கும் சத்தம் மட்டும் சில முறை கேட்டது. முதல் படமான 'அயர்ன் மேன்'இல் குகைக்குள் நாயகன் கவசம் செய்யும்போது கேட்ட அதே சத்தம். அப்புறம் விளக்குப் போட்டார்கள். அவ்வளவுதானா என்று யாரும் கேட்கவில்லை, எழுந்து வந்துவிட்டோம்.